யோகம் எழுதித் தந்த இரண்டு படிவங்கள்

பிள்ளைகளே, முதலில் கையில் இருக்கும் அந்தக் கண்தானப் படிவக் கட்டை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கள். அதை யாரும் தூக்கிக்கொண்டு ஓடமாட்டார்கள். நான் முப்பத்துநான்கு வருடம் தாதியாக, சனத்தின் வாயில் 'மிஸ்ஸி'யாக, வேலை செய்தவள். கடைசி ஏழு வருடம் வார்டை விட்டு வெளியே வந்து, கிளிநொச்சிப் பக்கமெல்லாம் கண்தானம், சிறுநீரகத் தானம் என்று கூட்டம் வைத்துத் திரிந்தேன். இப்போது ஓய்வு. வீட்டில் என் கதையைக் கேட்க ஆளில்லை. உங்கள் மேலதிகாரி, "வந்து பிள்ளையளோட கொஞ்சம் கதையுங்கோ மிஸ்ஸி" என்று கேட்டதும், உடனே வந்துவிட்டேன்.

கண்ணை எப்படி எடுப்பது, எந்தப் பெட்டியில் வைப்பது என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது நான் பிழைவிட்ட கதை. அதுவும் சும்மா பிழை இல்லை, மேடையில் ஏறிப் பொன்னாடை போர்த்திக்கொண்ட பிழை.

இரணைமடுக் குளத்தின் கீழே ஒரு குடியேற்றக் கிராமம். எல்லோரும் வயல் செய்கிறவர்கள். அங்கே பொதுநோக்கு மண்டபத்தில் என் கண்தானக் கூட்டம். உங்களைப் போலவே நானும் ஸ்லைட்டோடுதான் போனேன். ஒன்றிரண்டு இல்லை, முப்பது ஸ்லைட். சனம் அசையாமல் இருந்து பார்த்தது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை, ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்குத் தலை சுற்றும் அளவுக்குப் பெருமை. கடைசியில் பணிசும் தேத்தண்ணியும் கொடுத்துப் படிவத்தையும் நீட்டினேன். அடடா, மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நிரப்பித் தந்தார்கள்!

நிரப்பித் தந்ததோடு நிற்கவில்லை. மறுநாள் காலை என் அலுவலக வாசலில் வயல் செய்கிறவர்களின் கமக்காரர் அமைப்புத் தலைவர் சிவபாதம் நிற்கிறார். கையில் ஒரு பெரிய உறை. ஊரார் எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதியும், குடும்ப அட்டைப் பிரதியும், போதாததற்குக் கிராம அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும். நான் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. "நீங்கள் கேக்க மறந்திருப்பியள் எண்டு நாங்களே கொண்டுவந்திட்டம் மிஸ்ஸி" என்றார். சனத்துக்கு என்ன ஆர்வம் என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கின நேரத்தில் கொஞ்சம் மூளையையும் பாவித்திருக்கலாம். கண்ணைத் தானம் செய்கிறவர் எதற்குக் குடும்ப அட்டைப் பிரதி தருகிறார் என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

அந்தப் படிவங்களுக்குள் யோகத்தின் படிவமும் இருந்தது. யோகம் தையல்காரி. முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். வலது கண் சண்டைக் காலத்தில் செல் துண்டு பட்டுப் போனது. மிச்சம் இருந்த இடது கண்ணில் அறுவடை நேரம் நெற்கதிர் அடித்து, புண்ணாகி, பூ விழுந்துவிட்டது. வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி படிவத்தை நிரப்பிக் கொடுக்க, யோகம் தடவித் தடவிக் கையெழுத்து வைத்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

விடுவேனா? அந்த வருடம் மாவட்டத்தில் ஒரு பாராட்டு விழா. ஒரே கூட்டத்தில் இத்தனை படிவம் சேர்த்ததற்கு எனக்குப் பொன்னாடை. ஒலிவாங்கியைக் கையில் தந்ததும், "கண் தெரியாத ஒரு பெண்ணே கண்தானத்துக்கு எழுதித் தந்திருக்கிறாள் என்றால், கண் தெரிந்த நமக்கு என்ன?" என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்டேன். மண்டபமே மூக்கைச் சிந்தியது. அந்தப் பொன்னாடை இப்போதும் என் அலுமாரியில் இருக்கிறது. கண்ணில் படும்போதெல்லாம் வெட்கமாக இருக்கும்.

ஏழு மாதம் கழித்து ஒருநாள் ஆஸ்பத்திரி நடைபாதையில் யாரோடோ உரத்துக் கதைத்துக்கொண்டு வருகிறேன். மர வாங்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"இது மிஸ்ஸியின்ர குரலெல்லோ?"

யோகம்தான். பக்கத்து வீட்டுக்காரிக்கு மருந்து எடுக்க அவளோடு கூட வந்திருந்தாள்.

"மிஸ்ஸி, குறை நினைக்காதேங்கோ. என்ர கண் எப்ப வரும்?"

"எந்தக் கண் யோகம்?"

"போம் எழுதித் தந்தனே. ஐடென்ரி காட் கொப்பியும் வைச்சனான். கிராம அலுவலரிட்டச் சைனும் வாங்கினனான். அதில ஏதும் குறையோ?"

 அவளை இருக்க வைத்து, பக்கத்தில் இருந்து, அந்தப் படிவம் எதற்கானது என்று சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், நடைபாதையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அப்ப நான் என்ர கண்ணைக் குடுக்கிறன் எண்டோ எழுதித் தந்தனான்? ஐயோ மிஸ்ஸி, இதைக் கொண்டுபோய் ஆருக்கு வைக்கப்போறியள்? அந்தாள் பொல்லு எடுத்துக்கொண்டெல்லோ என்னைத் தேடி வரும்!"

சிரித்து முடித்துவிட்டு மெல்லக் கேட்டாள். "அப்ப இந்த ஏழு மாசமும் நான் எந்த வரிசையில நிண்டனான் மிஸ்ஸி?"

"ஒரு வரிசையிலயும் இல்லை, யோகம்" என்றேன். இத்தனை வருட வேலையில் நான் சொன்ன பதில்களில் அதைவிடக் கசப்பானது வேறில்லை.

அன்றைக்கே கையைப் பிடித்து அழைத்துப்போய்க் கண் வைத்தியருக்குக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, புதுக் கருவிழி பொருத்தினால் பார்வை வரும் என்றார். ஆனால் வெள்ளை விழுந்த இடத்தில் இரத்தக் குழாய்கள் வளரத் தொடங்கிவிட்டன, இன்னும் தாமதித்தால் வைக்கிற கருவிழியும் ஒட்டாது என்றும் சொன்னார். அன்று பின்னேரம்தான் யோகத்தின் பெயர் உண்மையான காத்திருப்புப் பட்டியலில் ஏறியது. அந்த ஏழு மாதத்தைத் தின்றது வேறு யாருமில்லை, நான்தான்.

அடுத்த கிழமை அதே மண்டபத்துக்குப் போனேன். இந்தமுறை ஸ்லைட் இல்லை. "நீங்கள் எழுதித் தந்தது உங்களுக்குக் கண் கிடைக்கிறதுக்கு இல்லை. நீங்கள் செத்த பிறகு உங்கட கண்ணை நாங்கள் எடுக்கிறதுக்கு" என்று பச்சையாகச் சொன்னேன். மண்டபம் கொந்தளித்தது.

"அடி கோதாரி!" என்றார் சிவபாதம். "நான் கோழிக்கூட்டுத் திட்டம் எண்டெல்லோ நினைச்சனான்!"

"ஸ்லைட்டில முழுக்கக் கண்ணைத்தானே அண்ணை காட்டினனான்?"

"அதை ஆர் மிஸ்ஸி பாத்தது? கூட்டம் எண்டால் கடைசியில போம் வரும். போம் வந்தால் நிரப்பிறது. கூரைத் தகரம் வந்ததும் அப்பிடித்தான், ஆடு வந்ததும் அப்பிடித்தான். எது வந்தாலும் வரட்டுமெண்டு எழுதிறதுதானே."

பிள்ளைகளே, இதில் அவர்கள் மேல் பிழையே இல்லை. எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, ஒவ்வொரு தகரத்துக்கும் ஒவ்வொரு படிவம் எழுதிக் குடியேறிய சனம். வாசித்துக்கொண்டு நின்றிருந்தால் பெயர் விடுபட்டுப்போகும் என்று பழகியவர்கள். அது தெரிந்தும் நான் படிவத்தை நீட்டினேன், வந்த கட்டைப் பார்த்து மயங்கினேன்.

படிவத்தைத் திருப்பி வாங்க வரிசை. முதல் ஆள் சிவபாதம்தான். அப்போதுதான் ஏழு மாதத்துக்கு முன் வந்திருக்க வேண்டிய கேள்விகள் எல்லாம் வந்தன. அடுத்த பிறப்பில் குருடாய்ப் பிறப்போமா? உயிர் இருக்கும்போதே எடுத்துவிடுவீர்களா? சவப்பெட்டிக்குள் முகம் எப்படி இருக்கும்? எல்லாவற்றுக்கும் இருந்து பதில் சொன்னேன். சிவபாதத்தின் மனைவி புவனம் கேட்டது மட்டும் பதிலுக்காக இல்லை.

"எங்கட குடும்பத்தில முழு உடம்பா வைச்சு எரிச்சது ஆரை மிஸ்ஸி?" என்றா. "ஒருத்தரையும் இல்லை. இனிப் போறவையையாவது முழுசா அனுப்பவேணும். எனக்கு அவ்வளவுதான்."

 ஓம் என்று தலையாட்டி, அவாவின் படிவத்தைக் கையில் கொடுத்தேன்.

யோகமும் தன்னுடையதைத் திருப்பி வாங்கினாள். "கோவத்தில இல்லை மிஸ்ஸி. தெரியாமல் எழுதினது செல்லாது. ஒருநாள் நானே வாசிச்சு எழுதித் தாறன்" என்றாள்.

ஆக, பொன்னாடை வாங்கித் தந்த படிவக் கட்டில் ஒரு தாளும் மிஞ்சவில்லை. வெறும் உறையோடு பஸ் ஏறினேன்.

மாரி விதைப்பு முடிந்து சில கிழமை. ஒருநாள் காலை பத்து மணியளவில் எனக்குத் தொலைபேசி. புவனத்தின் குரல். சிவபாதம் வாய்க்கால் கதவைத் திறக்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தும் பலனில்லை.

"மிஸ்ஸி, கெதியா வாங்கோ. இவற்ற கண்ணை யோகத்துக்கு எடுங்கோ."

நான் சரியாகத்தான் கேட்கிறேனா என்று இருந்தது.

"போமைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்த மனிசன், பின்னேரம் யோகம் தையல் மெசினுக்கு முன்னால சும்மா குந்தியிருக்கிறதைப் பாத்திட்டு வந்தவர். 'நான் போனால் என்ர கண்ணை அந்தப் பெட்டைக்குக் குடு' எண்டு எனக்குச் சொன்னவர். பகிடியாக்கும் எண்டு நினைச்சனான்."

கண்ணுக்குச் சில மணி நேரம்தான் தவணை, உங்களுக்குத் தெரியும். கண் எடுக்கிற குழுவுக்கு அறிவித்துவிட்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் புவனம், அவாவின் தமையன், அவர்களோடு யோகம். யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்திருக்கிறார்கள். மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் மாற்றுச் சட்டை, துவாய், சவர்க்காரம்.

"இண்டைக்கே வைப்பினம்தானே மிஸ்ஸி? அதுதான் உடுப்போட வந்திட்டன்" என்றாள்.

அது நடக்காது. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எடுக்கிற கண், கண் வங்கிக்குப் போகும். அங்கே சோதித்து, பட்டியலில் யார் முறையோ அவருக்குத்தான் கொடுப்பார்கள். யாருடையது யாருக்கு என்று நாம் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. யோகத்துக்கு முன்னால் எத்தனை பேரோ நின்றார்கள். சிவபாதத்தின் கண் யோகத்துக்கு வரும் என்று யாரும் உறுதி தர முடியாது.

குழுவும் வந்துவிட்டது. சம்மதப் படிவத்தைப் புவனத்தின் கையில் கொடுத்தாயிற்று. அவா பேனாவைப் பிடித்துவிட்டா. குழுவில் வந்த பெடியன் நல்லவன், ஆனால் அவசரக்காரன், என் காதுக்குள் சொன்னான்: "மிஸ்ஸி, சைனை வாங்குங்கோ. மிச்சத்தைப் பிறகு விளங்கப்படுத்துவம்."

நான் பொய் சொல்லக்கூடத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றால் போதும். இரண்டு பேருக்குப் பார்வை கிடைக்கும், யாருக்கும் நட்டமில்லை. உண்மையைச் சொல்லட்டா, நான் அப்படி நிற்கத்தான் பார்த்தேன். நிற்கும்போது அந்த நடைபாதையில் யோகம் கேட்ட "ஏதும் குறையோ" காதில் விழுந்தது. விளங்காமல் வைத்த கையெழுத்தை ஒருமுறை வாங்கிப் பார்த்தவள் நான். இரண்டாம் முறையும் அதையே செய்ய எனக்கு மனம் வரவில்லை.

"பொறுங்கோ அக்கா" என்றேன். "இந்தக் கண் யோகத்துக்குத்தான் போகும் எண்டு என்னால சொல்ல ஏலாது. ஆற்ற முறையோ அவைக்குத்தான் போகும். ஆரெண்டு உங்களுக்கும் தெரிய வராது, எனக்கும் தெரிய வராது."

புவனம் பேனாவைக் கீழே வைத்தா. தமையன் எழுந்தார். "என்ன விளையாட்டு இது? அந்தப் பிள்ளைக்கு எண்டுதானே மனிசன் சொன்னது. ஆரோ ஊர் பேர் தெரியாத ஆளுக்கு எங்கட மச்சானின்ர கண்ணோ? எடுத்துக்கொண்டு போங்கோ உங்கட பெட்டியை!"

அவசரக்காரப் பெடியன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்லி வேலையில்லை. மணிக்கூடு ஓடுகிறது. வாதாட என்னிடம் நியாயம் நிறைய இருந்தது. கணவர் செத்து மூன்று மணி நேரமாகாத ஒருத்தியிடம் நியாயம் கதைப்பதா? 

யோகம்தான் வாயைத் திறந்தாள். "மிஸ்ஸி, நான் இப்ப வரிசையில எத்தனையாவது ஆள்?"

"தெரியேல்லை யோகம்."

"ஆனால் நிக்கிறன்தானே? இந்தமுறை உண்மையாத்தானே?"

"ஓம், நிக்கிறாய்."

அவள் கையை நீட்டித் துழாவிப் புவனத்தின் முழங்காலைப் பிடித்தாள். "மாமி, நாங்கள் நிக்காத வரிசையோ? மாவுக்கு நிண்டம், மண்ணெண்ணெய்க்கு நிண்டம், முகாமில கக்கூசுக்கும் நிண்டம். முன்னால நிக்கிறவள் வாங்கிக்கொண்டு போனால்தானே எங்களுக்குக் கிட்ட வரும். மாமாவுக்கு ரெண்டு கண். ரெண்டு பேர் வாங்கிக்கொண்டு போவினம். நான் ரெண்டடி முன்னுக்குப் போவன். எனக்கு அதே போதும் மாமி."

 புவனம் யோகத்தின் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு என் பக்கம் திரும்பினா.

"முகம் கெடாதே மிஸ்ஸி?"

"இமை மூடியிருக்கும் அக்கா. நித்திரை கொள்ளுறது போலத்தான் இருக்கும். நானே பக்கத்தில நிண்டு பாத்துத் தாறன்."

"மிச்சமெல்லாம் முழுசாக் கிடக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தா.  தமையன் வெளியே போய், தண்ணீர்ப் போத்தல் ஒன்று வாங்கிவந்து யோகத்தின் கையில் கொடுத்தார்.

யோகம் அந்தத் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். மாற்றுச் சட்டை மடிப்புக் குலையாமல் அப்படியே இருந்தது. பஸ் போன பிறகு நான் நின்று அழுதேன். அதை எந்த மேடையிலும் சொல்லவில்லை, உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அவள் முறை வர மேலும் ஐந்து மாதம் எடுத்தது. ஒவ்வொரு கிளினிக் நாளும் இரத்தக் குழாய் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று வைத்தியரிடம் கேட்டு அவருக்குத் தொல்லை கொடுத்தேன். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. யாருடைய கருவிழி என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பொருத்தினார்கள். ஒட்டியது.

கண்ணில் போட்ட தையல் பிரித்துப் பல நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு மெசினில் இருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மிஸ்ஸி, நீங்கள் இவ்வளவு வயசு போன ஆளோ? குரலைக் கேட்டு நான் ஒரு இளம்பிள்ளை எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்!"

புவனமும் அங்கே இருந்தா, சட்டைத் துணியோடு. "இவள் பாக்கிற பார்வை அவற்ற இல்லை மிஸ்ஸி, எனக்குத் தெரியும்" என்றா. "அவற்ற எண்டால் எங்கட வாய்க்காலில ஆர் தண்ணி திறந்தது எண்டுதான் முதல் எட்டிப் பாத்திருக்கும். இப்ப எங்கையோ ரெண்டு பேர் அப்பிடி அடுத்த வீட்டை எட்டிப் பாத்துக்கொண்டு திரிவினம், பாவம்." சொல்லிவிட்டுச் சிரித்தா. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தா.

புறப்படும் நேரம் யோகம் என்னை மறித்தாள். "போம் ஒண்டு இருக்கோ?"

நான் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதை ஒரு வரி விடாமல் வாசித்தாள். சத்தம்போட்டு, எழுத்துக் கூட்டி. பின்பக்கத்தில் அச்சடித்தவரின் விலாசத்தைக்கூட விடவில்லை. எனக்கு பஸ் தவறிப்போனது. எத்தனையோ கூட்டத்தில் நான் நீட்டிய படிவத்தை முழுக்க வாசித்த முதல் ஆள் அவள்தான். நடுவில் மூன்று கேள்வி கேட்டாள். இரண்டுக்குப் பதில் சொன்னேன். மூன்றாவதற்குத் தெரியாது என்றேன், வைத்தியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

ஆகவே பிள்ளைகளே, ஒரு கேள்வியும் வராத கூட்டத்திலிருந்து கட்டுக் கட்டாய்ப் படிவம் வந்தால், பொன்னாடைக்கு அளவு கொடுக்காதீர்கள். திரும்பிப் போய்க் கதையுங்கள். ஒரு கையெழுத்துக்காக வாயை மூடத் தோன்றும் நிமிடம் உங்களுக்கும் வரும். அப்போது என்னை நினைத்தால் நினையுங்கள், இல்லாவிட்டால் யோகத்தை நினையுங்கள்.

அவளுடைய இரண்டாவது படிவத்தின் பிரதி இதோ. பார்த்துவிட்டுத் திருப்பித் தாருங்கள். பின்னால் அடையாள அட்டைப் பிரதி குத்தியிருக்கிறது, கிராம அலுவலரின் முத்திரையும் இருக்கிறது, அந்தப் பழக்கத்தை அவளால் விட முடியவில்லை. அவள் கேட்ட மூன்றாவது கேள்வி, இப்போது வேண்டுகோளாக, ஓரத்தில் அவள் கையாலேயே எழுதியிருக்கிறது. அப்படிச் செய்ய முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டேன், அவர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, கண் வங்கியைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

"இடது கண்ணில் இருக்கிறது என்ர இல்லை. அதையும் மறக்காமல் எடுத்து, வரிசையில் அடுத்ததாக நிக்கிற ஆளுக்குக் குடுங்கோ."